புற்றுநோய்ப் பணியில் பயிற்சி பெற்ற கைகள்: ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், நம் பிள்ளைகள் பெற்ற பட்டங்களைப் பற்றியும் அடைந்த பதவிகளைப் பற்றியும் பலர் எழுதுவர். அவை எழுதப்பட வேண்டியவையே. நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. ஒரு கொடிய நோயைக் காலத்தில் கண்டறியவும், அதனால் துன்புறுவோரைப் பேணவும், மருத்துவர் அல்லாத எளிய பணியாளர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்ட வரலாறே அது. பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண், சில வாரப் பயிற்சி பெற்றபின், தாய்மார் பலரைச் சாவினின்று காக்கும் பணியில் பங்கு கொள்ள இயலும் என்பது இன்று மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. ஆயினும் அச்செய்தி நம் தெருக்களுக்கு இன்னும் சரிவர வந்து சேரவில்லை.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நம் குடியிருப்பைச் சேர்ந்த தாய் ஒருவர், கரும்புத் தோட்டத்தில் வெட்டியும் கட்டியும் தம் மக்களைப் படிக்க வைத்தவர். மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் கழிந்த பின்னர் அவருக்கு மீண்டும் உதிரப்போக்குக் கண்டது. வெட்கத்தால் சில மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பின்னர் ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். அங்கிருந்தோர் மேசைக்கு அப்பால் இருந்தபடியே கேட்டனர், உடற்சூடு என்றனர், மாத்திரை கொடுத்து அனுப்பினர். மீண்டும் சென்றார், மீண்டும் மாத்திரையே கிடைத்தது. ஒருவரேனும் அவரைப் படுக்க வைத்துச் சோதிக்கவில்லை. ஓராண்டுக்குப் பின் வெளியூர்ப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது நோய் முற்றியிருந்தது. அவர் இன்று நம்மிடையே இல்லை.

அன்று அவரைத் தொட்டுப் பார்க்காமைக்குக் காரணம் சாதியா, அசட்டையா, பயிற்சிக் குறைவா என்று நம்மால் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. மூன்றில் எதுவாயினும் முடிவு ஒன்றே. இம்மூன்றுக்கும் மாற்று என்ன என்பதை வரலாற்றில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஊரும் தீண்டாமையும்

விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் இருப்புப்பாதையில், பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே அமைந்தது நம் மேல்பட்டாம்பாக்கம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடலூர் மாவட்டத்துள் அடங்கியது. சிற்றூராயினும், சாதி பற்றிய ஒரு பெரிய வாதத்தில் இவ்வூர்க்கு இடம் உண்டு என்பதை இளைஞர் பலர் அறியார். ஜெர்மானியரான கார்ல் ஓக்ஸ் என்பவர், தாம் சார்ந்திருந்த லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கு இடம் தருவதை ஏற்காமல் அதனின்று விலகினார். விலகி வந்து, 1860களின் தொடக்கத்தில் அவர் நிலையம் அமைத்த இடம் நம் ஊரே. பெத்தானி என்று அதற்குப் பெயரிட்டார். பின்னர் அவர் டென்மார்க்கு நாட்டு மிஷனோடு இணைந்தார். சமயக் கருத்தில் நாம் எவ்வாறு இருப்பினும், 'ஒருவரை ஒருவர் தொடலாமா' என்னும் வினாவின்பொருட்டு ஒருவர் தம் சபையையே விட்டு வந்து குடியேறிய ஊர் இது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதே மாவட்டத்தின் தென்பகுதியில், சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட மக்களைக் கல்விக் கூடத்தின் வாயிலுக்குள் அழைத்துச் சென்றவர் அவர். நம்மைப் போன்ற கல்விச் சங்கங்கள் யாவும் அவர் இட்ட வழியில் நடப்பனவே.

இவற்றை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மருத்துவம் என்பது தொட்டுச் செய்யும் தொழில். நாடி பார்த்தலும், புண் துடைத்தலும், பிள்ளை எடுத்தலும் தொடாமல் நடவா. தீண்டாமை நிலவும் நாட்டில் நோயாளியும் மருத்துவரும் வேறு வேறு தெருவினராய் இருப்பின், மருத்துவம் மேசைக்கு அப்பாலேயே நின்றுவிடும் அபாயம் உண்டு.

செவிலிப் பணி வளர்ந்த வகை

நம் நாட்டுச் சிற்றூர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்டிரும், சில பகுதிகளில் நம் குலப் பெண்டிரும் ஆவர். உதிரமும் உடற்கழிவும் தீட்டு என்று கருதிய மேற்சாதியார், அவற்றைக் கையாளும் பணியைப் பிறர்க்கு ஒதுக்கினர். அப்பெண்டிரின் கைத்திறன் தலைமுறை தலைமுறையாக வந்தது. எனினும் அது கல்வி என்று மதிக்கப்பெறவில்லை.

சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844இல் தொடங்கியது. 1854இல் அரசு மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தியது. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. தொடக்க நாளில் அதில் சேர்ந்தோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. உயர்சாதிக் குடும்பங்கள் தம் மகளிரை இப்பணிக்கு அனுப்ப நெடுங்காலம் மறுத்தன. அந்த இடத்தை நிரப்பியவர்கள் இந்தியக் கிறித்தவப் பெண்கள். அவருள் ஒடுக்கப்பட்ட குலங்களிலிருந்து வந்தோர் பலர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்குப் பட்டப்படிப்பும் வந்தது. 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டு, நாடு முழுவதற்கும் பயிற்சியின் தரம் வரையறுக்கப்பெற்றது.

ஆகவே, தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட வேலை, பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் பெற்றவுடன் மதிப்புக்குரிய தொழிலாயிற்று. வேலை அதுவே, இடையில் வந்தது பயிற்சி. இம்மாற்றத்தின் பயனை முதலில் துய்த்தவர்களில் நம் மக்களும் உளர்.

மருத்துவக் கல்லூரியின் கதவு அத்துணை எளிதில் திறக்கவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகை 1944இலேயே வந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை 1951இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கே மருத்துவக் கல்லூரி இடம் பற்றித் தொடுக்கப்பட்டதுதான். அவ்வாண்டிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, இட ஒதுக்கீட்டிற்கு வழி மீண்டும் உறுதியாயிற்று. நம் குலத்து மருத்துவர் ஒவ்வொருவர்க்குப் பின்னும் இவ்வரலாறு நிற்கிறது.

அடையாற்றில் எழுந்த நிலையம்

புற்றுநோய்க்கு வருவோம். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. எனினும் புற்றுநோய்க்கெனத் தனி நிலையம் வேண்டும் என்று தென்னாட்டில் இடையறாது உழைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் தேவதாசி மரபில் வந்தவர். அப்பிறப்பைக் காட்டியும், பெண் என்பதைக் காட்டியும் அவரது கல்விக்குத் தடை சொன்னோர் பலர். அவற்றைக் கடந்து 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்நோய் முதலில் வயிற்றுக்கடுப்பு என்று தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. மருத்துவரின் தங்கைக்கே இந்நிலை எனின், கூலி வேலை செய்யும் தாய்க்கு எந்நிலை என்று எண்ணிப் பார்க்கலாம்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் அவர் தம் கருத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். புற்றுநோயாளர் எப்படியும் இறப்பவரே, அவர்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டோரும் இருந்தனர். மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டி, 1952 அக்டோபரில் பிரதமர் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டச் செய்தார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர். டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அந்நிலைய வளாகத்திலேயே வாழ்ந்து பணிபுரிந்தார்.

விரல்விட்டு எண்ணத்தக்க பணியாளரைக் கொண்டு தொடங்கிய நிலையத்தில், தேவையான திறன்களைக் கற்றோர் வெளியில் ஆயத்தமாக இல்லை. கதிர்க்கருவியை இயக்குவோரும், நோயாளியைப் பேணும் செவிலியரும் உள்ளேயே பயிற்றப்பட வேண்டியிருந்தது. மருத்துவமனையாகத் தொடங்கிய இடம் பயிற்சிக்கூடமாகவும் ஆனது. 1984இல் புற்றுநோய் மருத்துவத்திலும் அறுவை மருத்துவத்திலும் உயர்படிப்புகள் அங்குத் தொடங்கப்பெற்றன. இந்தியாவில் இத்துறையில் இவ்வகை உயர்பட்டப் படிப்புகளுக்கு இவையே முன்னோடி.

கிராமத்திற்கு வந்த வினா

மருத்துவமனை எவ்வளவு சிறந்ததாயினும், நோய் முற்றிய பின் வருவோர்க்கு அதனால் ஆவது சிறிது. நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாய்க் காணும் கருப்பைவாய்ப் புற்றுநோய், உண்மையில் தடுக்கத்தக்க நோய்களுள் ஒன்று. அதற்கு மூலமாவது பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமி. ஜெர்மானிய அறிஞர் ஹாரல்ட் சூர் ஹவுசன் 1980களின் தொடக்கத்தில் இதனைக் கண்டறிந்து, 2008இல் நோபெல் பரிசு பெற்றார். கிருமி தொற்றியவர் எல்லார்க்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர்க்குத் தானே நீங்கிவிடும். நீங்காத சிலர்க்கு, கருப்பை வாயின் தோலில் சிறு மாற்றம் தோன்றி, பல ஆண்டுகள் கழித்தே புற்றாக முதிரும். அந்தப் பல ஆண்டுகளே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அக்காலத்துள் மாற்றத்தைக் கண்டு நீக்கிவிட்டால் புற்று வாராது.

மேனாடுகளில் கருப்பை வாயினின்று சிறிதளவு உயிரணுக்களை வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் முறையால் இந்நோயை வெகுவாகக் குறைத்தனர். அதற்கு ஆய்வுக்கூடமும், தகட்டைப் படிக்கத் தெரிந்தோரும், முடிவு வந்தபின் மீண்டும் நோயாளியை அழைக்கும் ஒழுங்கும் வேண்டும். நம் சிற்றூர்களில் இவை இல்லை. ஒரு நாட்கூலியை இழந்து வந்த பெண், முடிவு கேட்க மறுமுறை வருவது அரிது.

இதற்கு எளிய மாற்று ஒன்று காணப்பட்டது. அசெட்டிக் அமிலம் என்பது வினிகரில் உள்ள புளிப்புப் பொருள். அதனை மிகவும் நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுபட்ட தோல் வெண்மையாகத் தெரியும். நல்ல விளக்கொளியில் வெறுங்கண்ணால் காணலாம். செலவு மிகக் குறைவு. முடிவும் அப்பொழுதே கிடைக்கும். எது நோயின் வெண்மை, எது இயல்பான வெண்மை என்று பிரித்தறியும் பழகிய கண் மட்டும் வேண்டும். அக்கண்ணை உண்டாக்குவது பயிற்சி.

அதைச் செய்யத்தக்கவர் யார் என்பதே வினாவாயிற்று. கர்த்தார் சிங் குழு 1973இல் அளித்த பரிந்துரையின் வழியே, சிற்றூர்தோறும் பல நோக்குச் சுகாதாரப் பணியாளர் அமைப்பு நாட்டில் உருவானது. தமிழ்நாட்டில் நாம் அறிந்த கிராம சுகாதாரச் செவிலியர் அவ்வமைப்பைச் சேர்ந்தவரே. வீடுவீடாகச் சென்று, பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர் அவர். அவர்க்கே இக்கலையைக் கற்பிக்க இயலுமா என்று அடையாறு நிலையத்தார் சோதித்துப் பார்த்து, 1996இல் தம் முடிவை வெளியிட்டனர். இயலும் என்பதே அம்முடிவு.

திண்டுக்கல்லும் மும்பையும் தந்த சான்று

இயலும் என்பது வேறு. அதனால் உயிர் பிழைக்கிறதா என்பது வேறு. இதற்கு விடை தந்தது நம் தமிழ்நாட்டுத் திண்டுக்கல் மாவட்டம். 2000 முதல் 2003 வரை அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவமனையார், அடையாறு நிலையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து பெரியதோர் ஆய்வை நடத்தினர். மாவட்டத்தின் 114 தொகுதிகள் இரு சம பங்காகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள். மறு பாதியில் 30,958 பெண்கள். முதற் பாதியினர்க்குப் பயிற்சி பெற்ற செவிலியர் இச்சோதனையைச் செய்தனர். 31,343 பெண்கள் சோதனைக்கு வந்தனர். ஐயத்திற்கு இடமானோரை உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தவர்களும், சிறு துண்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர்களும், தகுந்தவர்க்குக் குளிரூட்டி மாற்றத் தோலை அழிக்கும் சிகிச்சையை அளித்தவர்களும் செவிலியரே. மருத்துவர்க்கே உரியவை என்று கருதப்பட்ட பணிகள் இவை.

2007இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த பகுதியில் இப்புற்றுநோய் தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரே ஒரு முறை செய்த சோதனைக்கே இப்பயன்.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடங்கிய ஆய்வு இன்னும் ஒரு படி கீழிறங்கி வந்தது. அங்குச் சோதனை செய்தோர் செவிலியரும் அல்லர். குறைந்தது பத்தாம் வகுப்பு படித்த உள்ளூர்ப் பெண்கள். அவர்க்கு நான்கு வாரப் பயிற்சியும், இடையிடையே மறுபயிற்சியும் தரப்பட்டன. ஈராண்டுக்கு ஒரு முறையாக நான்கு சுற்றுகள் சோதனை நடந்தது. இறுதியில் இந்நோயால் நேரும் இறப்பு 31 விழுக்காடு குறைவு என்று கண்டனர்.

ஆடவர்க்கும் செய்தி உண்டு. வெற்றிலை, புகையிலை, பீடி, மது ஆகியவற்றால் வாய்ப்புற்று வருகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், மருத்துவம் படியாத சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் செய்து பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்று இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

பத்தாம் வகுப்பு முடித்து, மேற்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் இருக்கும் நம் பெண்மக்கள் மும்பைச் செய்தியை இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

சோதனைக்கு உள்ளானோர் யாவர்?

இவ்வெற்றிகளைக் கூறும் நாம், இதனோடு சேர்ந்த ஒரு கசப்பையும் மறைத்தல் தகாது. சோதனை செய்யப்பெற்ற பாதியோடு ஒப்பிட, சோதனை செய்யப்பெறாத பாதியும் இருந்தது. திண்டுக்கல்லில் அப்பாதியில் மட்டும் இந்நோயால் 92 பெண்கள் இறந்தனர். இந்நோயைச் சோதனையால் தடுக்கலாம் என்று உலகம் முன்பே அறிந்திருக்க, ஒரு பகுதியினரை வாளா விட்டுக் கணக்கெடுத்தது முறையா என்று பின்னர் மருத்துவ உலகில் கடுமையான வாதம் எழுந்தது. அப்பகுதிகளில் வழக்கமாகக் கிடைத்த மருத்துவம் எதனையும் தாம் மறுக்கவில்லை என்றும், எளிய முறை பயன் தருமா என்பது அதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் ஆய்வாளர் விடையிறுத்தனர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு.

எனினும் நாம் கேட்பது வேறு. கணக்கெடுப்புக்குக் கிராமத்து ஏழைப் பெண்களும் குடிசைவாழ் பெண்களும் முதலில் நினைவுக்கு வருகின்றனர். முடிவு வந்தபின் அதன் பயன் அவர்களுக்கே முதலில் வந்து சேர்ந்ததா? வழக்கமான மருத்துவம் என்பதே ஒன்றுமில்லாமை என்றிருந்த நிலைக்கு யார் பொறுப்பு? ஆராய்ச்சியை நாம் வெறுக்கவில்லை. அதற்கு உடல் தந்த மக்களின் பிள்ளைகள், ஆராய்ச்சியை நடத்தும் மேசையிலும் அமர வேண்டும் என்கிறோம். அதற்கும் கல்வியே வழி.

கற்பித்தலோடு முடிவதில்லை

திண்டுக்கல் முடிவு வந்த 2007இலேயே, தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ்த் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாக இச்சோதனை தொடங்கியது. பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. அரசு மருத்துவமனைச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரும் பயிற்சி பெற்றனர். 2016இல் நடுவண் அரசு, 30 வயது கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூவகைப் புற்றுநோய்க்கும் சோதனை செய்யும் நெறிமுறையை வெளியிட்டது. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களே தன்னார்வலராக வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் நீரிழிவும் பார்க்கின்றனர். 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்க்கும் ஒழுங்குபட்ட சோதனை தொடங்கப்பெற்றது.

இவ்வளவு நடந்தும் பலன் எவ்வளவு? 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களுள் ஒரு முறையேனும் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டோர் இந்திய அளவில் நூற்றுக்கு இருவரே. தமிழ்நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மர். பிற மாநிலங்களை விட மேல் என்று மகிழலாம். எஞ்சிய தொண்ணூறு பேரை எண்ணினால் மகிழ்ச்சி நில்லாது.

இக்குறைவுக்குக் காரணங்கள் சில நமக்குப் புலனாகின்றன. பயிற்சி என்பது ஒரு நாள் விழா அன்று. ஒரு முறை கற்ற செவிலி, மாதத்திற்கு இரண்டு பேரையே பார்ப்பாராயின் அவர் கண் பழகாது, பழகியதும் மறக்கும். மும்பையில் இடையிடையே மறுபயிற்சி அளித்ததை நாம் கவனித்தோம். பயிற்சி பெற்றவரை வேறிடத்திற்கு மாற்றிவிட்டுப் பயிற்சி பெறாதவரை அவ்விடத்தில் அமர்த்தினால், விளக்கும் கருவியும் அலமாரியில் கிடக்கும். ஐயம் எனக் கண்டவரை எங்கு அனுப்புவது, அவர் போனாரா, சிகிச்சை பெற்றாரா என்று பின்தொடரும் ஏற்பாடு இல்லையேல் கண்டறிந்தும் பயனில்லை. திண்டுக்கல் ஆய்விலும் முன்நிலை மாற்றம் காணப்பட்ட பெண்களில் நாலில் ஒரு பங்கினர்க்கு மேல் சிகிச்சை பெறாமலே நின்றனர்.

மற்றொன்றும் உண்டு. சோதனையைக் கற்பிக்கும் பாடத்தில் கருவியும் மருந்தும் இருக்கின்றன. திரை போட்டு மறைத்தல், சொல்லிவிட்டுத் தொடுதல், இவள் எந்தத் தெரு என்று கேளாதிருத்தல் ஆகியவையும் அதே அளவு பாடமாதல் வேண்டும். ஒரு முறை முகம் சுளிக்கப்பட்ட பெண் மறுமுறை வரமாட்டாள். தன் தெருவில் உள்ள பத்துப் பேரையும் வர விடமாட்டாள்.

நோவு தணிக்கும் பணி

குணப்படுத்த இயலாத நிலையில் வருவோர்க்கு என் செய்வது? இத்துறையில் நமக்கு வழிகாட்டுவது அண்டை மாநிலமாகிய கேரளம். கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் 1993இல் நோவு தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அதன் தொடர்ச்சியாக மலப்புரம் பகுதியில் அக்கம்பக்கத்து மக்களே பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரை வீட்டிற்குச் சென்று பேணும் அமைப்பு வளர்ந்தது. ஆசிரியர், கடைக்காரர், மாணவர், இல்லத்தரசியர் எனப் பலரும் அதில் சேர்ந்தனர். புண்ணைக் கழுவுதல், படுக்கைப் புண் வாராமல் புரட்டிப் படுக்க வைத்தல், குடும்பத்தார்க்கு ஆறுதல் கூறுதல் ஆகியவற்றைத் தொண்டர் கற்றனர். மருந்தைச் செவிலியரும் மருத்துவரும் கவனித்தனர்.

கடும் நோவுக்கு மார்பீன் என்னும் மருந்து உகந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால், மருத்துவமனைகளும் அதனை வைத்திருக்க அஞ்சின. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. எனினும் அம்மருந்தை அளவறிந்து கொடுக்கப் பயின்ற மருத்துவரும் செவிலியரும் இருக்குமிடத்தில்தான் சட்டத் திருத்தம் நோயாளியின் கட்டில்வரை வரும். நம் தெருத் தாய் தம் இறுதி மாதங்களில் பட்ட வேதனையைக் கண்டோர், இது தேவையா என்று கேட்கமாட்டார்.

நாம் செய்யத்தக்கன

வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கம் மேற்கொள்ளத்தக்க பணிகள் சிலவற்றை உறுப்பினர் முன் வைக்கிறோம்.

முதலாவது, படிப்பைப் பற்றிய தெளிவு. எம்.பி.பி.எஸ். ஒன்றே மருத்துவப் படிப்பு என்று எண்ணி, அது கிட்டாதபோது மனமுடையும் பிள்ளைகள் நம்மில் உளர். செவிலியர் பட்டயமும் பட்டமும், துணைச் செவிலியர் படிப்பும், கதிர்சிகிச்சைத் தொழில்நுட்பமும், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பமும் உள்ளன. செவிலியராகப் பதிவு பெற்றவர்க்குப் புற்றுநோய்ச் செவிலியியலில் ஓராண்டுப் பட்டயமும் உண்டு. நம் மாவட்டத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இப்போது அரசு நிருவாகத்தில் உள்ளது. செவிலியர் கல்லூரியும் அங்கு உண்டு. புதுச்சேரி ஜிப்மர் நமக்கு எட்டும் தொலைவே.

இரண்டாவது, எச்சரிக்கை. வாடகைக் கட்டடத்தில் பலகை மாட்டி, உதவி நர்சு என்று சான்றிதழ் விற்கும் இடங்கள் பெருகியுள்ளன. நம் ஏழைப் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய பணம் அங்கு வீணாகிறது. எந்த நிறுவனத்தில் சேரும் முன்னும், இந்திய நர்சிங் கவுன்சிலிலும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிலும் அதற்கு ஏற்பு உண்டா என்று சங்கத்தின் வாயிலாகக் கேட்டறிதல் வேண்டும். இதற்கென இருவரைப் பொறுப்பாக்கலாம்.

மூன்றாவது, நம் தெருவிலுள்ள முப்பது வயது கடந்த தாய்மார் அனைவரையும் குழுவாக ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுதல். தனியே செல்லக் கூசுவோர் பத்துப் பேராய்ச் செல்லக் கூசார். யார் சோதனை செய்துகொண்டார், யார்க்கு மேற்சோதனை சொல்லப்பட்டது, அவர் சென்றாரா என்று ஒரு குறிப்பேடு நம் மகளிர் குழுவிடம் இருக்கட்டும். பிறர் கண்ணில் படாது காக்கப்படட்டும். சோதனை செய்ய மறுத்தால் எழுத்து மூலம் முறையிடவும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, ஏற்கெனவே செவிலியராகவும் சுகாதாரத் தன்னார்வலராகவும் பணிபுரியும் நம் பெண்கள் ஆண்டுக்கொருமுறை இச்சங்கத்தில் கூடி, தாம் புதிதாகக் கற்றதைப் பிறர்க்குச் சொல்லுதல். படிப்பு முடிந்ததும் கற்றல் முடிந்தது என்று எவரும் எண்ணலாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஓர் இலக்கு வகுத்தது. 2030க்குள் சிறுமியருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு 15 வயதுக்குள் தடுப்பூசி. பெண்களுள் எழுபது பேர்க்கு 35 வயதிலும் 45 வயதிலும் சோதனை. நோய் காணப்பட்டோருள் தொண்ணூறு பேர்க்குச் சிகிச்சை. இவ்விலக்கு ஜெனீவாவில் எழுதப்பட்டது. நிறைவேற வேண்டிய இடம் நம் மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களின் கடைசித் தெரு. அங்கு வந்து நிற்பவர் அந்தத் தெருவிலேயே பிறந்து, முறையாகப் பயின்று, தொடத் தயங்காத ஒருவராய் இருப்பின், மேலே சொன்ன தாய்க்கு நேர்ந்தது இன்னொருவர்க்கு நேராது.

அத்தகைய ஒருவரேனும் அடுத்த ஆண்டு நம் சங்கத்தின் துணையோடு படிப்பில் சேர்தல் வேண்டும். இவ்வெள்ளி விழாவின் நினைவாக நாம் வேண்டுவது அதுவே.